‘நாங்க படாத கஷ்டமா?’

(கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதித் தொழிலாளர் குடும்பங்களிடம் இளைஞர்களின் மனநலம் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது. நைட் ஷிப்ட் முடித்து நேரே இங்கே வந்தவர்கள் கண் அசந்தாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். தூக்கத்தைப் பற்றியும் இன்றைக்குப் பேசத்தான் போகிறோம்.

தலைப்பில் இருக்கும் கேள்வி என்னுடையது இல்லை, உங்களுடையது. வேலைக்குப் போக மாட்டேன் என்று பிள்ளை படுத்துக்கொண்டால், பரீட்சை முடிவு வந்த அன்று மகள் கதவைச் சாத்திக்கொண்டால், வீட்டில் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது இதுதான்: “நாங்க படாத கஷ்டமாடா நீ பட்டுட்ட?” நியாயமான கேள்விதான். கேட்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி வந்ததும் எதிரில் இருக்கிற பிள்ளை பேச்சை நிறுத்திவிடும். அதுதான் சிக்கல்.

ஒரு வீட்டுக் கதை சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். அப்பா இந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் 28 வருஷம் பர்மனென்டாக இருந்தவர். மகனுக்கு 23 வயது. டிப்ளமோ முடித்துவிட்டு காண்ட்ராக்டில் லைனில் நிற்கிறான். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை, நாலாவது நாள் சாப்பிடவில்லை. அப்பா கத்தியிருக்கிறார், அம்மா அழுதிருக்கிறார். கடைசியில் அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லி மூன்று பேரும் வந்தார்கள். மகனைப் பேசச் சொன்னால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாதான் பேசினார். தன் காலத்துக் கஷ்டத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் ஒரு விஷயம் சொன்னார். “எனக்கும் ஒரு தபா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். ஆறு மாசம் டாக்டர் டாக்டரா அலைஞ்சேன். ஈ.சி.ஜி. எடுத்தா ஒண்ணியும் இல்லன்றான். ராத்திரி தூக்கமே கெடையாது. செத்துடுவேனோன்னு பயம்.”

அப்புறம் எப்படிச் சரியானது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “பசங்க மூணு பேர் இருந்தானுங்க. காலைல வூட்டாண்ட வந்து இட்டுனு போய் டிரெயின்ல ஏத்திடுவானுங்க. மீஞ்சூர் தாண்டறதுக்குள்ள சிரிக்க வெச்சிடுவானுங்க. அப்படியே போயிடுச்சு.”

அப்போதுதான் மகன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். “இத எங்கிட்ட சொன்னதே இல்லியே நைனா” என்றான்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. பெரியவர்களுக்கும் மனசு நொந்தது. அதற்குப் பெயர் இல்லை, ஆனால் துணை இருந்தது. பிள்ளைகளுக்குப் பெயர் தெரியும். டிப்ரெஷன், ஆங்ஸைட்டி, ஸ்ட்ரெஸ் எல்லாம் போனில் படித்துவிடுகிறார்கள். ஆனால் காலையில் வீட்டு வாசலில் வந்து நின்று கூட்டிக்கொண்டு போக அந்த மூன்று பேர் இல்லை.

இந்த மண்ணில் மூன்று தலைமுறையை எடுத்துப் பாருங்கள். தாத்தா பாட்டிக்கு ஏரித் தண்ணீர், ஆரணி ஆறு, நெல், வேர்க்கடலை. கடலோரம் என்றால் பழவேற்காட்டு மீன். மழை பொய்த்தால் கடன். மனசு சரியில்லை என்றால் “காத்து கருப்பு” என்பார்கள், பெரியபாளையம் பவானி அம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஆடி மாசம் வேப்பஞ்சேலை கட்டுவார்கள். அதனால் நோய் தீர்ந்ததா என்று என்னைக் கேட்டால், கடுமையான மனநோய் அப்படித் தீராது. மருந்து வேண்டும். மருத்துவத்தை மறுத்து நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டால் எங்கே போய் முடியும் என்பதை 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் பார்த்தோம். சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். ஆனால் பெரியபாளையத்துக்குப் போகும்போது ஒரு பெண்ணோடு முப்பது பேர் கூடப் போனார்களே, அந்தக் கூட்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதுவும் ஒரு பாதி வைத்தியம்.

அப்பா அம்மா தலைமுறைக்கு சிப்காட் வந்தது. கம்பெனி கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் வாழ்க்கை செட்டில் என்று ஒரு நம்பிக்கை. பி.எஃப்., சங்கம், கேன்டீன், ஒரே கம்பார்ட்மென்டில் இருபது வருஷம் ஒன்றாகப் போன சிநேகிதர்கள். கஷ்டம் இல்லாமல் இல்லை. நிறைய ஆண்கள் மனசு வலியைச் சாராயத்தில் கரைத்தார்கள், அதை வீட்டுப் பெண்கள் அடியாக வாங்கினார்கள். அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பெண்கள் பக்கம் “தலைவலி, கை கால் குடைச்சல், நெஞ்சு அடைக்குது” என்று மாத்திரை வாங்கிக்கொண்டே இருந்தார்களே, அதில் எத்தனை மனச்சோர்வோ. மனவேதனை உடம்பு வலியாக வெளியே வருவது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம்.

இப்போது பிள்ளைகள். படிப்பு அப்பாவைவிட அதிகம், வேலை உறுதி அப்பாவைவிடக் குறைவு. இன்றைக்கு இந்தக் கம்பெனி, ஆறு மாதம் கழித்து வேறு. லைனில் பக்கத்தில் நிற்கிறவன் பெயர் மனசில் பதிவதற்குள் அவனை மாற்றிவிடுகிறார்கள். “நீ படிச்சவன், எங்கள மாதிரி கஷ்டப்படக் கூடாது” என்று நாம்தான் கடன் வாங்கிப் படிக்க வைத்தோம். படித்துவிட்டு அப்பா செய்த அதே வேலையை, அப்பாவுக்குக் கிடைத்த உறுதிகூட இல்லாமல் செய்கிறபோது, அவன் மனசில் விழும் பாரம் வெறும் வேலைப் பாரம் இல்லை. தோற்றுவிட்டோம் என்கிற பாரம்.

பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. கம்பெனி பஸ்ஸில் ஏறி, சொந்தச் சம்பளம் வாங்கி, ஹாஸ்டலில் இருந்து பழகியவளுக்கு அது பெரிய விடுதலை. அதே மாதம் வீட்டிலிருந்து மாப்பிள்ளை போட்டோ வாட்ஸப்பில் வந்துவிடும். சம்பளம் நகைச் சீட்டுக்குப் போய்விடும். அவளிடம் யாரும் “உனக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்பதில்லை.

சரி, இதெல்லாம் நம் அனுமானமா, கணக்கு ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. பிரச்சினை உள்ளவர்களில் சிகிச்சைக்கு வராதவர்கள், நோயைப் பொறுத்து, 70-லிருந்து 92 சதவீதம் வரை. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் மருத்துவர் முகத்தையே பார்த்ததில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022-ஆம் ஆண்டு மட்டும் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அதில் மாணவர்கள் 13,044 பேர். எண்ணாகச் சொன்னால் காதில் நுழைந்து போய்விடும். கும்மிடிப்பூண்டி போன்ற எத்தனை ஊர் மக்கள் தொகை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டு ஆய்வாளர்கள் இன்னொரு விஷயத்தைக் கவனித்திருக்கிறார்கள். மனிதன் இளமையில் சந்தோஷமாக இருப்பான், நாற்பது ஐம்பதில் துவண்டு போவான், வயதானபின் மறுபடி தெளிவான் என்றுதான் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டேவிட் பிளாஞ்ச்பிளவர் என்ற பொருளாதார அறிஞர் இதைப் பல நாட்டுக் கணக்கை வைத்துக் காட்டியவர். அவரே இப்போது, அந்தப் படம் மாறிவிட்டது, பல நாடுகளில் அதிகம் துவண்டிருப்பது இளைஞர்கள்தான் என்கிறார். சேப்பியன் லேப்ஸ் என்ற அமைப்பு 2023-ல் 41 நாடுகளில் 18 முதல் 24 வயதுக்காரர்கள் 27,969 பேரிடம் கேட்டது. எவ்வளவு சின்ன வயதில் ஸ்மார்ட்போன் கைக்கு வந்ததோ, அந்த அளவுக்கு இளமையில் மனநலம் குறைவாக இருந்தது. பெண்களிடம் இது இன்னும் அதிகம். இது இணையம் வழியாக எடுத்த கணக்கு. போன்தான் காரணம் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே தனியாக இருக்கிற பிள்ளை கையில்தான் போன் அதிகம் இருக்கிறதோ என்றும் கேட்கலாம். ஆனாலும் ஒதுக்கித் தள்ளக் கூடிய கணக்கு இல்லை.

இந்த உரையை எழுத்தில் படிக்கப் போகிற நீங்களும் போனில்தான் படிப்பீர்கள். அதனால் போனைத் திட்டி ஒரு பாட்டம் பேசிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. 2016-க்குப் பிறகு டேட்டா விலை சரிந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தமிழ்நாட்டில் 9-ஆம் வகுப்புக்கு மேல் 2021 செப்டம்பரில்தான் பள்ளி ஒழுங்காகத் திறந்தது, சின்ன வகுப்புகளுக்கு நவம்பரில். அந்த ஒன்றரை வருஷம் போன்தான் பள்ளிக்கூடம், மைதானம், சிநேகிதன் எல்லாம். நாம்தான் வாங்கிக் கொடுத்தோம், வேறு வழியும் இல்லை. அன்றைக்கு எட்டாவது ஒன்பதாவது படித்தவர்கள்தான் இன்றைக்குக் கல்லூரியிலும் கம்பெனி லைனிலும் நிற்கிறார்கள். ஆள் கூட்டத்தில் பழக வேண்டிய வயதில் அறைக்குள் இருந்தவர்கள். “இந்தக் காலத்துப் பசங்களுக்கு மனுஷன்கிட்ட பேசத் தெரியல” என்று சொல்லும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தூக்கத்துக்கு வருகிறேன். இந்த வட்டாரத்துக்கு இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

நம் மூளையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்து ஓடும் கடிகாரம். இருட்டினால் தூக்கத்துக்கான சுரப்பு வரும், விடிந்தால் நிற்கும். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று வாரத்துக்கு வாரம் மாறினால், இந்தக் கடிகாரம் புது நேரத்துக்குப் பழகி முடிப்பதற்குள் மறுபடி மாற்றிவிடுகிறோம். நைட் முடித்து காலை வெயிலில் பஸ்ஸில் வருகிறான். அந்த வெளிச்சம் மூளைக்கு “எழுந்திரு” என்று சொல்கிறது. அறையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பகல் பதினொரு மணிக்கு அடுப்பு மாதிரி. தூக்கம் வரவில்லை என்று போனை எடுக்கிறான். இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. நாலு மணி நேரத் தூக்கத்தோடு மறுபடி ஷிப்ட். இப்படி ஒரு மாதம் போனால் யாருக்கும் சிடுசிடுப்பு வரும். எதிலும் பிடிப்பு இருக்காது, சின்ன விஷயத்துக்கு அழுகை வரும், கோபம் வரும். நல்ல மனநலம் உள்ளவனே ஆடிப்போவான். ஏற்கெனவே பாரம் சுமக்கிறவன் என்னாவான்?

அதனால் நைட் ஷிப்ட் பிள்ளை பகலில் தூங்கும்போது அதைச் சோம்பேறித்தனமாகப் பார்க்காதீர்கள். மிக்ஸி போடுவதை, டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ஜன்னலுக்குக் கனமான துணி ஒன்று கட்டுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும், ஒரே அறை என்றால் கைக்கு எட்டாத அலமாரியில் இருக்கட்டும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் என்னிடம் வருகிற இளைஞர்களில் பலருக்கு மருந்தைவிட முதலில் தேவைப்படுவது ஆறு ஏழு மணி நேரத் தொடர்ச்சியான தூக்கம்.

அந்தத் தூக்கம் வராத நேரத்தில்தான் ரம்மி வருகிறது. ஐம்பது ரூபாயில் தொடங்கும். சம்பளம் போகும், அப்புறம் லோன் ஆப், அப்புறம் போனில் இருக்கிற நம்பருக்கெல்லாம் மிரட்டல். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்தி தமிழ்நாடு சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் புதுப்புதுப் பெயரில் லிங்க் வரும். மாட்டிக்கொண்ட பிள்ளை முதலில் மறைக்கத்தான் பார்ப்பான். மிரட்டல் வந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் இருக்கிறது. பணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். “எவ்ளோ போச்சு?” என்று முதலில் கேட்காமல், “எத்தன நாளா தனியா இத சொமந்துகினு இருந்த?” என்று கேளுங்கள். கடன் தெரிந்துவிட்டதே என்கிற அவமானத்தில்தான் பல உயிர் போகிறது.

இன்னும் இரண்டு கூட்டத்தாரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்று, ஒடிசா, பீகார், அசாமிலிருந்து இங்கே வந்திருக்கும் பையன்கள். ஒரே அறையில் எட்டுப் பேர். பகல் ஷிப்ட்காரன் எழுந்த பாயில் நைட் ஷிப்ட்காரன் படுப்பான். அவனுக்கும் வயது இருபதுதான். அவனுக்கு இங்கே திட்டுவதற்குக்கூட அப்பா இல்லை. பக்கத்து அறையில் ஒருத்தன் நாலு நாளாக வெளியே வரவில்லை என்றால், பாஷை தெரியாவிட்டாலும் ஒரு டீ வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள்.

இன்னொன்று, இதே ஊரில் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். போரிலிருந்து தப்பி வந்த தலைமுறைக்குத் தங்கள் பயத்துக்குக் காரணம் தெரியும். இங்கேயே பிறந்து இங்கேயே படித்த பிள்ளைகளுக்கு, போரைப் பார்க்காமலேயே அந்தப் பயம் வீட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. கூடவே நாளைக்கு நாம் எந்த ஊர்க்காரர் என்கிற கேள்வியும். யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே வேலை பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், காயம் தனி ஆளுக்கு மட்டும் படுவதில்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்ந்தே படுகிறது என்று பல வருஷமாக எழுதி வருகிறார். தலைமுறைகளைப் பற்றிப் பேசும்போது அதைவிடத் தெளிவான உதாரணம் இந்த ஊரிலேயே இருக்கிறது.

அடுத்தது, பயம். டாக்டரிடம் போவதற்குப் பயம். “கீழ்ப்பாக்கம்” என்று சொன்னாலே நம் ஊரில் சிரிப்பு. சினிமாவிலும் அப்படித்தான் காட்டிவிட்டார்கள். அங்கே இருப்பது 1794-ல் தொடங்கிய மருத்துவமனை. அதன் கண்காணிப்பாளராக 1961-லிருந்து பல வருஷம் இருந்த டாக்டர் சாரதா மேனன் நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வு பெற்றபின் 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். பூட்டி வைக்கிற இடமாக இருந்ததைக் குணமாகி வீட்டுக்குப் போகிற இடமாக மாற்ற ஆயுசு முழுக்க உழைத்தவர். அந்தப் பெயரைக் கேலிக்கு வைத்திருக்கிறோம். போகட்டும். இப்போது எல்லாவற்றுக்கும் கீழ்ப்பாக்கம் போக வேண்டியதும் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பக்கத்து அரசு மருத்துவமனைகளில் எந்தக் கிழமை மனநல மருத்துவர் வருகிறார் என்று சீட்டு கொடுக்கிற இடத்தில் கேட்டு, போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேவை வந்தபின் தேடினால் அந்தக் கிழமை தாண்டிப் போயிருக்கும்.

“கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க சார்” என்பது இளைஞர்கள் என்னிடம் சொல்லும் முதல் வார்த்தை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 என்று ஒன்று இருக்கிறது. உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை, அது உங்கள் உரிமை. உடம்பு நோய்க்குத் தருகிற மாதிரியே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்க வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்தில் இல்லை. “போலீஸ் கேஸ் ஆயிடும்” என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகாமல் வீட்டிலேயே வைத்திருந்து உயிரை விட்ட குடும்பங்கள் இருக்கின்றன. இனி அந்தப் பயம் வேண்டாம். தூக்கிக்கொண்டு ஓடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இ.எஸ்.ஐ. பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் நிறுத்திச் சொல்கிறேன். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ள காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. காண்ட்ராக்டுக்குக் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள், உங்கள் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உடம்பு முடியாமல் மருத்துவர் சான்றோடு லீவு போட்டால், தேவையான நாள் சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், சம்பளத்தில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். நீண்ட கால நோய்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 2 ஆண்டு வரை. அந்த நோய்ப் பட்டியலில் மனச்சிதைவும் சில வகைக் கடும் மனச்சோர்வும் இருக்கின்றன. இதற்குக் குறைந்தது 2 ஆண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு கம்பெனி மாறினாலும் இ.எஸ்.ஐ. எண்ணைப் பழையதையே கொடுங்கள், புதிது போட விடாதீர்கள். இதற்காகத்தான் சொல்கிறேன்.

இவ்வளவு தூரம் போக முடியாது, இப்போதே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416. 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் சேவை. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. நைட் ஷிப்ட் பிரேக்கில் இரண்டு மணிக்கும் கூப்பிடலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கு மாற்றுவார், நேரில் பார்க்க வேண்டும் என்றால் எங்கே போவது என்று சொல்வார். பெயர் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் சொல்லாமல் பேசலாம். பல இந்திய மொழிகளில் உண்டு, உங்கள் பக்கத்து அறை பீகார்ப் பையனுக்கும் இதே எண்தான். ஆப் ஒன்றும் இருக்கிறது. வீடியோவில் பேசும் வசதி முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சென்னையில் 1986-லிருந்து தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்யும் ஸ்னேகா அமைப்பின் எண் 044-24640050.

சில நேரம் அரசு ஒரு சின்ன ஏற்பாட்டை மாற்றினாலே பாரம் குறையும். எங்கள் காலத்தில் பத்தாவது ரிசல்ட் சாயங்காலப் பேப்பரில் வரும். நம்பர் இல்லையென்றால் ஒரு வருஷம் போச்சு, தெருவுக்கே தெரியும். இப்போது மதிப்பெண் மாணவன் போனுக்கே வருகிறது. 2017-லிருந்து மாநில அளவில் முதல் இடம் இரண்டாம் இடம் என்று அறிவிப்பதில்லை. தவறினால் சில வாரத்தில் துணைத் தேர்வு எழுதி அதே வருஷம் மேலே போகலாம். வீட்டிலும் இப்படி ஒரு துணைத் தேர்வு வைத்தால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கடைசியாக, கேட்பது எப்படி என்று. பிள்ளை முன்னைப் போல இல்லை, சாப்பாடு குறைந்துவிட்டது, சிநேகிதர்களைத் தவிர்க்கிறான், “நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி” என்று ஒரு வார்த்தை விழுந்தது. அந்த வார்த்தை விழுந்தால் அதை நாடகம் என்று ஒதுக்காதீர்கள். நேராகவே கேளுங்கள்: “செத்துடலாம்னு தோணுதா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறீர்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்டால் பெரும்பாலும் மூச்சு விட்ட மாதிரி ஆகும் அவர்களுக்கு. ஆமாம் என்று சொன்னால் தனியாக விடாதீர்கள். அறிவுரை வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள், 14416-ஐ அங்கேயே கூப்பிடுங்கள்.

முதலில் சொன்ன அப்பா மகன் கதையை விட்டுவிட்டேன். பையனுக்குச் சில மாதம் மருந்து தேவைப்பட்டது. வேலை மாறினான். இப்போதும் நல்ல நாள், கெட்ட நாள் இரண்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அவனைப் பழவேற்காட்டுக்கு மீன் வாங்கக் கூட்டிக்கொண்டு போகிறாராம். வண்டியில் போகும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதனால் பேச்சு வருகிறது என்றார்.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.

(கூட்டத்தில் ஒரு தாய்: “எம் பையன் யாராண்டயும் பேச மாட்டேன்றான் சார். அவன் பண்ணலன்னா அந்த நம்பருக்கு நான் பண்ணலாமா?”)

பண்ணலாம்மா. உங்களுக்காகவும்தான் அந்த நம்பர். அவன் எப்படி இருக்கிறான், எத்தனை நாளாக, என்ன சொல்கிறான் என்று சொல்லுங்கள். அடுத்து என்ன செய்வது என்று அவர்கள் சொல்வார்கள். இப்ப உங்க கையில போன் இருக்குதில்ல? எடுங்க, சேவ் பண்ணிக்குங்க. ஒண்ணு, நாலு, நாலு, ஒண்ணு, ஆறு.